ஹாலந்துக்குப் போட்ட திட்டம்

தங்கச்சி போன் பண்ணியது அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து, நான் புடவையைக் கூட மாற்றவில்லை. "அக்கா, ஏப்ரல்ல எனக்குப் பத்து நாள் லீவு. நீயும் அம்மாவும் இங்க வாங்க. ஊரெல்லாம் சுத்திக் காட்டுதேன்" என்றாள். அவள் ஹாலந்தில் ஐந்து வருடமாக இருக்கிறாள். கல்யாணமாகிப் புருஷனோடு போனவள், பிறகு அங்கேயே ஒரு கம்பெனியில் வேலையும் தேடிக்கொண்டாள். இதுவரை ஒரு தடவைகூட எங்களை வா என்று கூப்பிட்டதில்லை.

நான் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்து அரைமணி நேரம் ஆகவில்லை, கவலை தொடங்கிவிட்டது. எனக்கு அப்படித்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற வண்ணார்பேட்டை வரைக்கும் போனால்கூட, கியாஸை அணைத்தோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து மனசு அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவள், அறுபத்தாறு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போகப்போகிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேல் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். நானும் தங்கச்சியும் அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயன் வீட்டில்தான் பிறந்தோம். அப்பா செத்ததும் அங்கேதான். நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, இங்கேயே ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் ஆகி, இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டேன். அம்மா மட்டும் மலையை விடவில்லை. கடைசியில் எஸ்டேட்டின் குத்தகையே முடிந்து எல்லாரும் இறங்க வேண்டி வந்தபோது, இரண்டு டிரங்குப் பெட்டியோடும் ஒரு மூட்டைப் பாத்திரத்தோடும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இறங்கி வந்து ஒரு வருடமாகியும் அவளுக்குத் தரை பழகவில்லை. வெயில் தாங்கவில்லை. சமதரையில் நடக்கும்போது, ஏற்றத்தில் நடக்கிற மாதிரியே உடம்பை முன்னால் சாய்த்து வேகமாகப் போவாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். இந்தப் பயணம் அவளைக் கொஞ்சம் கலகலப்பாக்கும் என்று ஒரு மனசு சொன்னது. ஒரு தடவை வேரோடு பிடுங்கியது போதாதா என்று இன்னொரு மனசு கேட்டது.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஏட்டி, அங்கன மலை இருக்கா?"

"மலையே கெடையாதும்மா. மேடுகூடக் கெடையாது."

"பொறவு தண்ணி எங்கேருந்து வருது?"

"அங்க தண்ணி கொறச்சல் இல்லம்மா. ஊருதான் கடலைவிடப் பள்ளத்துல கெடக்கு. கரை கட்டித் தண்ணிய வெளியே நிப்பாட்டி வச்சிருக்காங்க."

அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதுக்குள்ளயா அவ குடியிருக்கா?" என்றாள். அப்புறம், "சரி, போவோம். அவ இருக்க எடத்தைப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

மறுநாளே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கல்லூரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து எழுதுவேன். முதல் இரண்டு நாள் ஆம்ஸ்டர்டாம். மூன்றாம் நாள் ஹார்லெம், அங்கிருந்து துலிப் தோட்டம். பிறகு லைடன், டெல்ஃப்ட், ராட்டர்டாம், பத்தொன்பது காற்றாலைகள் வரிசையாக நிற்கிற கிண்டர்டைக், பாலாடைக்கட்டிச் சந்தை கூடுகிற கௌடா, தெருவுக்குப் பதிலாக வாய்க்காலில் படகு ஓடுகிற கீத்தோர்ன். ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே அங்கே என்னென்ன தப்பாகப் போகலாம் என்பதையும் எழுதினேன். வாய்க்கால் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை, அம்மாவை உள்பக்கம் நடக்கச் சொல்ல வேண்டும். சைக்கிள்கள் சத்தமில்லாமல் வரும். ரயில் கதவு தானாக மூடும், நான் உள்ளேயும் அம்மா வெளியேயும் மாட்டிக்கொண்டால் யார் எங்கே நிற்பது? அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஊர் சுத்தப் போறதுக்கு எழுதுனதா, சண்டைக்குப் போறதுக்கு எழுதுனதா?" என்று கேட்டார்.

தங்கச்சியிடம் வாரா வாரம் திட்டத்தைப் படித்துக் காட்டுவேன். அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்பாள். ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடித்தது. பத்து நாளும் ஓட்டலில் தங்குவதாகவே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீடு ஐந்தோவன் என்ற ஊரில். அந்த ஊர் திட்டத்திலேயே இல்லை.

"ஒன் வீட்டுக்கு எப்பம்ட்டி போகுதோம்?"

"வீட்டுல பெயிண்ட் அடிக்காங்கக்கா. அம்மாவுக்கு அந்த வாடை ஆகாது."

"ஏப்ரல் வரைக்குமா அடிப்பாங்க?"

"பாப்போம்க்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். நானும் விட்டுவிட்டேன். எனக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன.

முதல் கவலை பாஸ்போர்ட். அம்மாவின் ரேஷன் கார்டில் இருந்தது மாஞ்சோலை முகவரி. அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை, அந்தத் தெருவிலேயே யாரும் இல்லை. ஆதாரை என் வீட்டு முகவரிக்கு மாற்ற இரண்டு மாதம் அலைந்தோம். அதற்கு ஆதார் மையத்தில் விரலை வைக்கச் சொன்னபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அம்மாவின் விரல்களில் ரேகை இல்லை.

முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வழுவழுவென்று தேய்ந்து, அங்கங்கே கொழுந்துக் காம்பு கீறிய வெட்டுக் கோடுகள் மட்டும் இருந்தன. ஒரு செடி விடாமல், ஒரு நாள் விடாமல், நாற்பது வருடம் காம்பை நகத்தாலும் விரல் நுனியாலும் கிள்ளிய கை. மெஷின் அதைக் கை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஈரத்துணியால் துடைத்து, மறுபடி வைத்து, அழுத்தி, ஐந்தாவது தடவை எப்படியோ எடுத்தது. பாஸ்போர்ட் ஆபீசிலும் அதே கதை. அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. "எஸ்டேட்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்து வைத்து எடுத்துவிட்டாள்.

விசாவுக்குப் பத்து விரலும் வேண்டுமாம். அதைப் படித்த நாளிலிருந்து அம்மாவின் கையே என் தூக்கத்தைக் கெடுத்தது. பாத்திரம் கழுவக் கூடாது என்றேன். துணி துவைக்கக் கூடாது என்றேன். காலையும் சாயங்காலமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, மேலே கிளிசரின் தடவி, வீட்டுக்காரரின் பழைய பருத்தி சாக்ஸைக் கையில் மாட்டிவிட்டேன். இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, சாக்ஸைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அடுப்புக் கரிச்சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, என்ன பண்ணுத?"

"கை இருந்தா வேலை செய்யணும்."

"ரேகை வரணும்லா! இல்லன்னா விசா தரமாட்டாங்க."

"இந்தக் கையிலதான் ஒங்க ரெண்டு பேரையும் வளத்தேன். இதுல என்ன கொறையக் கண்ட நீ? தினமும் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்க."

அம்மாவின் கையைக் காட்டி அவளையே குற்றவாளி மாதிரி நடத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பயம் போகவில்லை. கிளிசரின் பாட்டிலை அவள் கண்ணில் படாத இடத்தில் வைக்காமல், படுகிற இடத்திலேயே வைத்தேன்.

பிப்ரவரியில் தங்கச்சியிடமிருந்து அழைப்புக் கடிதமும், எங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்கிற உறுதிமொழித் தாளும் வந்தன. அங்கே நகராட்சியில் போய்க் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்பியிருந்தாள். ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்துக் கையில் எடுத்துப் பார்த்தேன். முகவரி ஐந்தோவன் இல்லை. லைடன் என்று இருந்தது. அழைப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும். உடன் வசிப்பவர் என்ற இடத்தில் ஒரு கோடு.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை அக்கா, "என்னம்மா, யாருக்காவது சுகமில்லையா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று தங்கச்சிக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம்.

"லைடன்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றாள்.

"அவரு?"

"அவரு ஐந்தோவன்லதான் இருக்காரு. அக்கா, எனக்கு மீட்டிங் இருக்கு. அம்மாகிட்டச் சொல்லிராத."

வைத்துவிட்டாள். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

அந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவள் நான். எங்கள் சபையில் ஒருவர் மூலமாக வந்த வரன். திருச்செந்தூர் பக்கம் ஒரு ஊர், தகப்பனார் ஓய்வுபெற்ற வாத்தியார். நல்ல படிப்பு, வெளிநாட்டு வேலை, குடிப்பழக்கம் இல்லை. தங்கச்சி அப்போது, "அவரு ரொம்பப் பேச மாட்டாரு போலக்கா" என்று தயங்கினாள். "பேசாத ஆளு நல்ல ஆளு" என்று நான்தான் சொன்னேன். லயன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஓர் இடம் அமைந்ததே என்ற பெருமையில் வேறு எதையும் நான் கேட்கவில்லை. அவளையும் கேட்க விடவில்லை.

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் இரண்டு திட்டம் போட்டேன். ஒன்று நோட்டில். இன்னொன்று மனசுக்குள், தங்கச்சி விஷயம் தெரியவிடாமல் எப்படி அம்மாவை அந்த நாட்டில் பத்து நாள் நடத்திக்கொண்டு போவது என்று. லைடனை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு ஊரைச் சேர்த்தேன். காலையில் கிளம்பினால் சாயங்காலம் கால் வலித்துப் படுக்கிற மாதிரி ஒவ்வொரு நாளையும் நிரப்பினேன். மருமகன் எங்கே என்று அம்மா கேட்டால் சொல்ல ஒரு பதிலும் எழுதி வைத்தேன்: கம்பெனி வேலையாக ஜெர்மனி போயிருக்கிறார்.

விசா மையம் சென்னையில். பகல் ரயிலில் போய், ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் போனோம். ரயிலில் போகும்போதே அம்மாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். "கேட்டா, ஊர் சுத்திப் பாக்கப் போறோம்னு சொல்லணும். யார் வீடுன்னு கேட்டா, மகளும் மருமகனும் இருக்காங்கன்னு சொல்லணும்." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையை ஆட்டினாள். தாளில் மருமகன் இல்லாதபோது அப்படிச் சொல்வது பொருந்தாது என்பதுகூட அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மையத்தில் ஏசி குளிர். டோக்கன் நம்பர் திரையில் மாறுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிப் போட்டது. எங்கள் நம்பர் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தமிழில்தான் பேசினாள். தாள்களைச் சரிபார்த்துவிட்டு, பச்சை வெளிச்சம் வருகிற மெஷினை அம்மா பக்கம் திருப்பி, "இடது கை நாலு விரலையும் வைங்கம்மா" என்றாள்.

அம்மா வைத்தாள். சிவப்பு விளக்கு.

துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.

"கொஞ்சம் அழுத்துங்கம்மா." அழுத்தினாள். அவள் விரல் நுனிகள் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தினாள். சிவப்பு. வலது கை, சிவப்பு. கட்டைவிரல் இரண்டும், சிவப்பு. எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பம் எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், கண்ணாடி போட்ட ஒரு பெரியவரைக் கூட்டிவந்தாள். அவர் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"என்ன வேலை பாத்தீங்கம்மா?"

"தேயிலை பறிச்சேன்."

"எவ்வளவு காலம்?"

"நாப்பது வருசம்."

அவர் தலையசைத்துவிட்டு, கிடைத்த வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம், காரணத்தைக் குறிப்பில் எழுதிவிடலாம், முடிவு தூதரகம் எடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "அங்க மகளும் மருமகனும் இருக்காங்களாம்மா? இதுல மகள் பேர் மட்டும்தான் இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "மக மட்டுந்தான். அவ தனியா இருக்கா."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதற்குப் பிறகு என் விரல்களை மெஷினில் வைத்ததும் அது பச்சையானதும் எதுவுமே எனக்குச் சரியாக நினைவில்லை.

வெளியே வந்து எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தூசித் தூளு" என்று முகத்தைச் சுளித்தாள். நான் குடிக்கவில்லை.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன்ல படம் போட்டுப் பேசுதாள்லா. அவளுக்குப் பின்னால துணி காயப்போடுத கம்பி ஒண்ணு நிக்கும். மொதல்ல அதுல அவன் சட்டையும் கெடக்கும். மழைக்காலத்துக்கு முன்னாலேருந்தே அவ துணி மட்டுந்தான் கெடக்கு. செவுத்துப் பெயிண்டும் வேற. இது வேற வீடுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

பிறகு அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் முழங்காலில் கையை வைத்தாள்.

"விசா வந்தா நான் மட்டும் போறேன். நீ வராண்டாம்."

"என்னம்மா பேசுத? ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா? நடுவுல ஒரு ஊர்ல எறங்கி வேற பிளேன் மாறணும்."

"கேட்டுக் கேட்டுப் போயிருவேன். நீ வந்தா அவ சிரிச்சிக்கிட்டே ஊரைச் சுத்திக் காட்டுவா. ஒரு வார்த்தை வாயத் தொறக்க மாட்டா. ஒன்னயக் கண்டா அவளுக்குப் பயம்ட்டி."

"என்னயக் கண்டா எதுக்குப் பயம்?"

"நீ பாத்து வச்ச மாப்ளல்லா" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

திரும்பி வருகிற ரயிலில் நான் அழுதேன். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஐந்து மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டவள் நான். காற்றாலைகளின் எண்ணிக்கை முதல் ரயில் நிலையக் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது வரைக்கும் எனக்குத்தான் தெரியும். என்னை வேண்டாம் என்கிறாள். ஊருக்கு வந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மா தனியா வாரேன்னு சொல்லுதா. நீ என்ன சொல்லுத?" என்று கேட்டேன். நானும் வர வேண்டும் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"அம்மா மட்டும் வரட்டும்க்கா" என்றாள்.

அடுத்த மூன்று வாரம், விசா கிடைக்காமல் போனால் நல்லது என்று நான் ஜெபம் செய்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் விரல்களைக் காரணம் காட்டி அவர்கள் மறுத்துவிட்டால், யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, நானும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படி ஜெபித்துவிட்டு எழுந்து போய், அதே அம்மாவின் கைக்கு எண்ணெய் எடுத்துக் கொடுப்பேன்.

கூரியர்காரர் இரண்டு உறைகளைக் கொண்டுவந்தார். இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது. என்னுடையதை ஒரு தடவை பார்த்துவிட்டு பீரோவில் வைத்தேன். அது அப்படியே தேதி முடிந்து போயிற்று.

என் நோட்டிலிருந்து எதை அம்மாவிடம் கொடுப்பது? அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். கடைசியில் அட்டைகள் எழுதினேன். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். 'நான் ஆம்ஸ்டர்டாம் போகிறேன், வழி காட்டுங்கள்.' 'எனக்கு ஆங்கிலம் தெரியாது.' 'வெளியே என் மகள் காத்திருக்கிறாள்.' 'கழிப்பறை எங்கே?' ஓட்டை போட்டு நூலில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினேன். "ஆடு மாதிரி கட்டுதியேட்டி" என்றாள். ஆனால் கழற்றவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து விடியற்காலை விமானம். சக்கர நாற்காலி உதவி எழுதி வைத்திருந்தோம். அந்த நாற்காலியோடு வந்த இளைஞரிடம் அம்மா, "கால் நல்லாத்தானய்யா இருக்கு, நீ வேணா உக்காரு, நான் தள்ளுதேன்" என்றாள். அவருக்குத் தமிழ் புரிந்தது, சிரித்துவிட்டார். நான் கெஞ்சி உட்கார வைத்தேன். அவள் மடியில் பையை அணைத்துக்கொண்டு, முதுகை நாற்காலியில் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் விமானம் எங்கே பறக்கிறது என்று போனில் காட்டுகிற சின்னப் படம் கடல்மேல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இறங்குகிற ஊரில் அது நின்றது. இரண்டு மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. அம்மாவை யாராவது அடுத்த விமானத்தில் ஏற்றினார்களா, இல்லை ஏதோ ஒரு மூலையில் நாற்காலியோடு விட்டுவிட்டார்களா? அவளிடம் இருந்த போன் அங்கே வேலை செய்யுமா? கேட்க ஆள் இல்லை. வீட்டுக்காரர் வைத்த சோறு ஆறிப்போயிற்று. அடுத்த விமானம் கிளம்பியதாகப் படம் காட்டியது, அதற்குள் அம்மா இருக்கிறாளா என்று படம் காட்டவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தங்கச்சியிடமிருந்து ஒரே வரி வந்தது: 'அம்மா வந்தாச்சு, கைல ரெண்டு ஆரஞ்சுப் பழம் வச்சிருக்கா, யாரோ குடுத்தாங்களாம்.' அதன் பிறகுதான் ஆறிப்போன சோற்றை எடுத்துச் சாப்பிட்டேன்.

பத்து நாள் என்றது மூன்று வாரம் ஆயிற்று. என் திட்டத்தில் இருந்த பத்து இடங்களில் அவர்கள் போனது இரண்டு. டெல்ஃப்டுக்கு ஒருநாள் போனார்கள். காற்றாலைகளுக்கு ஒருநாள் போனார்கள். அம்மாவுக்கு அதன் இறக்கைகள் பிடித்ததைவிட, உள்ளே ஒரு குடும்பம் குடியிருந்து பிள்ளை பெற்று வளர்த்தது பிடித்திருந்ததாம். மற்ற நாளெல்லாம் லீவைக்கூட எடுக்காமல் தங்கச்சி வேலைக்குப் போய்வந்தாள், அம்மா லைடன் வீட்டில் சமைத்தாள். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. இரண்டு பேரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் ஒன்றாகக் கடைக்குப் போய்வந்தார்களாம். என் நோட்டில் ஆபத்து என்று எழுதிய வாய்க்கால் ஓரத்தில்தான் தினமும் நடந்திருக்கிறார்கள்.

அம்மா போன ஒன்பதாவது நாள் தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். நான் அலுவலகத்தில் இருந்தேன், பழையபடி சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போனேன்.

"அக்கா, அவரு என்னய அடிக்கல, திட்டல. அதனால என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன். அவரு எங்கிட்டப் பேசவே மாட்டாரு. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல. மாசக்கணக்குல. நான் அந்த வீட்டுல இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு."

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?" என்றேன்.

"ஒங்கிட்டச் சொல்லியிருந்தா, பொறுத்துப் போன்னு சொல்லியிருப்ப."

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. "ஆமா, சொல்லியிருப்பேன்" என்றேன். "அப்படிச் சொல்லியிருந்தா தப்பாப் போயிருக்கும்."

அவள் அழுதாள். நானும்தான். பிறகு ஒரு கோரிக்கை வைத்தாள். பிரிவதற்கான மனுவை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கொடுக்கப்போகிறார்கள். அவர் தன் அப்பா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். சொல்வாரென்றும் தோன்றவில்லையாம். "அவங்க நல்லவங்கக்கா. கோர்ட் தாள் வந்து தெரிஞ்சுக்கக் கூடாது. நீ போய்ச் சொல்லுதியா?"

அந்தச் சனிக்கிழமை திருச்செந்தூர் பக்கம் அவர்கள் ஊருக்குப் போனேன். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது, அவர்கள் கத்தினால் என்ன செய்வது என்று மனசு வழக்கம்போல் பட்டியல் போட்டது. இந்தத் தடவை எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை.

வாத்தியார் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். கல்யாணத்துக்கு முன்னால் நான் போயிருந்தபோது உட்கார்ந்த அதே நாற்காலியைக் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா காப்பி போட உள்ளே போகப் பார்த்தார்கள். "காப்பி வேண்டாம், நீங்களும் உக்காருங்க" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதையும் மறைக்காமல் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாத்தியார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் முதலில் பேசினார்கள்.

"ஒங்க தங்கச்சி அங்க ஒழுங்காச் சாப்பிடுதாளா?" என்று கேட்டார்கள்.